தேக்குக் கட்டைக் கூரை, ஈட்டி மரச் சாமான்: ஹால் இருட்டடிக்கிறது, என்ன செய்யலாம்?

கீழவீதி (கேள்வி):
மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட கூரை) போட்ட பழைய வீடு. ஹால் 16க்கு 12 அடி. மேலே தேக்குக் கட்டைகள், கீழே ரெட் ஆக்சைடு தரை, நடுவில் ஈட்டி மரச் சோபா, ஒரு பெரிய அலமாரி. வடக்குப் பக்கம் ஒரே ஜன்னல்தான். 20 வாட் எல்.இ.டி. பட்டை ஒன்று எரிகிறது, பகலிலும் அணைக்க முடியவில்லை. சோபாவுக்கும் அலமாரிக்கும் வெள்ளை எனாமல் அடித்துவிடலாமா என்று வீட்டில் பேச்சு. செய்யலாமா?

இழைப்புளி:
தயவுசெய்து எனாமல் அடிக்காதீர்கள். ஈட்டி மரத்தில் இயல்பாகவே உள்ள எண்ணெயும் சாயமும் பெயின்ட்டைச் சரியாகக் காயவிடாது. சில மாதத்தில் வெள்ளையின் மேல் பழுப்புத் திட்டுகள் கிளம்பும். பிறகு சுரண்டி எடுத்தாலும் மரத்தின் ரேகைக்குள் போன வெள்ளை வராது.

சாமான் கறுத்துத் தெரிகிறதே, அந்தக் கறுப்பில் பாதி மரத்துடையதே இல்லை. விளக்குப் புகையும் கைப்பிசுக்கும்தான். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் அரை ஸ்பூன் விட்டு, துணியை நன்றாகப் பிழிந்து ஒரு தடவைக்கு ஓர் அடி அளவு துடையுங்கள், உடனே காய்ந்த துணியால் ஒற்றுங்கள். அடுத்து, சோபாக் காலின் உட்பக்கம் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்துப் பஞ்சு பழுப்பானால் அது அரக்கு பாலிஷ். முழுவதும் உரிக்க வேண்டாம். கறுத்த மேல்பூச்சை மட்டும் ஸ்பிரிட்டால் எடுத்துவிட்டு, வெளுத்த (நிறம் நீக்கிய) அரக்கை மெல்லிசாக இரண்டு கை பூசினால் ஈட்டியின் செம்பழுப்பு தெரியும். பிசுபிசுக்காவிட்டால் அது வேறு பூச்சு, ஸ்பிரிட்டை அதோடு நிறுத்திவிடுங்கள்.

சுண்ணாம்புக்காரன்:
வெளிச்சம் மரத்தால் மட்டும் குறையவில்லை, கட்டைகளுக்கு நடுவே உள்ள பகுதியும் சுவரும் மங்கிப்போனதாலும் குறைகிறது. அங்கே பிளாஸ்டிக் எமல்ஷன் வேண்டாம்; பழைய சுண்ணாம்புப் பூச்சின் ஈரம் வெளியேற வழியில்லாமல் பொரிந்து உதிரும். சுண்ணாம்பே அடியுங்கள். சுட்ட சுண்ணாம்பை முதல் நாளே ஊறவைத்து (தண்ணீர் கொதிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள்), துணியில் வடிகட்டிப் பால் பதத்துக்குக் கொண்டுவந்து, கரைத்த வேலம்பிசினும் ஒரு சிட்டிகை நீலமும் சேருங்கள். பரப்பை நனைத்துக்கொண்டு மூன்று கை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. அடிக்கும்போது கண்ணாடி மாதிரி அடி தெரியும், “பத்தவில்லை” என்று கெட்டியாக அப்பிவிடுவார்கள். அப்படி அப்பினால் பொடியாக உதிரும். காயக் காயத்தான் வெளுக்கும். தேக்கில் சுண்ணாம்பு பட்டால் மரம் கறுக்கும், அதனால் கட்டைகளை டேப், பிளாஸ்டிக் தாள் வைத்து மூடுங்கள்.

கீழவீதி:
நன்றி ஐயா. விளக்கு 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளையில் இன்னொன்று போட்டால் போதுமா?

வயர்மேன்:
வேண்டாங்க. மரம் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் சிவப்பு, மஞ்சள் ஒளியை. 6500இல் நீலம் தூக்கலாக இருப்பதால் ஈட்டி சாம்பல் பூத்த கறுப்பாகத் தெரியும். 3000 முதல் 4000 கெல்வின், சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் வாங்குங்க.

உங்கள் ஹால் சுமார் 18 சதுர மீட்டர். இவ்வளவு மரம் இருக்கும்போது மொத்தம் 5000 லுமென் (விளக்கு தரும் ஒளியின் அளவு) வேண்டும். இப்போது இருப்பது ஏறக்குறைய 2000. மீதி ஒளிக்கான விளக்கை நடுவில் தொங்கவிடாமல், சுவர் உச்சியிலிருந்து வெள்ளையடித்த கூரையை நோக்கி ஒளி அடிக்கிற மாதிரி வையுங்க. மீட்டருக்கு 10 வாட் எல்.இ.டி. ஸ்ட்ரிப் (நாடா மாதிரி விளக்கு) 5 மீட்டர், அதற்கு மின்சாரத்தை மாற்றித் தரும் 60 வாட் டிரைவர். அலுமினியச் சேனலில்தான் பொருத்தணும். மரத்தில் நேராக ஒட்டினால் சூடு இறங்காமல் சீக்கிரம் மங்கிவிடும். 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை 5 மீட்டருக்கு மேல் நீட்டினால் கடைசி முனை மங்கும், இரண்டு முனையிலும் சப்ளை கொடுக்கணும்.

இழைப்புளி:
இன்னொன்று. பழைய சுவர் ஒன்றரை அடி கனம் இருக்கும். ஜன்னலின் உட்பக்கவாட்டு முழுவதும் வெள்ளையடியுங்கள், உள்ளே வரும் ஒளி முதலில் படுவது அங்கேதான். திரைக்கம்பி இரண்டு பக்கமும் 8 அங்குலம் கூடுதலாக இருந்தால் திரை கண்ணாடியை மறைக்காது. அலமாரி ஜன்னலை ஒட்டி இருந்தால் எதிர்மூலைக்கு நகர்த்துங்கள்.