மணி அடித்தால் டிஎஸ்எல் அறுகிறது: வயரிங்கில் எதை மாற்றலாம்?

போன் வயர் வழியே இன்டர்நெட் தரும் டிஎஸ்எல்லில் ஒரு வகையான ஏடிஎஸ்எல்2+ லைன். உள் வயரிங்கை முழுக்கக் கழற்றி, லைன் நுழையும் முதல் பெட்டியிலேயே மோடத்தைச் செருகினால் எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாண்டி சிக்னலுக்கு இருக்கும் உபரி; கூடுதலானால் நல்லது) 12 டெசிபெல். திரும்பக் கோத்தால் 5. போன் மணி அடித்ததும் சிங்க் (மோடத்துக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் உள்ள இணைப்பு) போகிறது. ஆக, கோளாறு வீட்டுக்குள்தான். மூன்று போனுக்கும் மைக்ரோஃபில்டர் (டிஎஸ்எல் சிக்னலைப் போன் பக்கம் விடாத சிறு வடிகட்டி) உண்டு. மோடத்துக்கு இல்லை (அங்கே போட்டால் டிஎஸ்எல்லே வராது).

சந்தேகம், மாடிக்குப் போய் முனையில் எதுவுமின்றித் தொங்கும் 30 மீட்டர் முறுக்கில்லாத தட்டை வயர்மேல். அந்த நீளத்துக்கு, முனையில் பட்டுத் திரும்பும் எதிரொலி 1.6 மெகாஹெர்ட்ஸ் வாக்கில் சிக்னலைக் குழிபறிக்கும். நடுவில் ஒரு ஜாயின்ட் வேறு பச்சை பூத்திருக்கிறது.

அந்த மாடி வயரை முதல் பெட்டியிலேயே துண்டித்தால் போதுமா? இல்லை, அங்கேயே ஒரு ஸ்ப்ளிட்டர் (போன் சிக்னலையும் டிஎஸ்எல் சிக்னலையும் பிரிக்கும் பெட்டி) வைத்து, மோடத்துக்கு மட்டும் கேட்5 (நெட்வொர்க்) கேபிளில் ஒரே முறுக்கு ஜோடியைத் தனியாக இழுப்பதுதான் சரியா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.