மஞ்சள் பையில் வெறும் காகிதம்: வார்டில் இருப்பவர்கள் உதவுங்கள்

வணக்கம். மதுரைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்சிங் மாணவிகளுக்கு வார்டுப் பயிற்சி கொடுக்கிறேன். மூன்று மாதமாக ஒரே பிரச்சினை. சிரிஞ்சு உறை, கையுறை சுற்றி வந்த காகிதம், டீ கப் எல்லாம் மஞ்சள் பைக்குள் விழுகின்றன. அது கிருமி பட்ட மருத்துவக் கழிவுக்கான, எரிக்கப் போகிற பை. நேற்று அதில் முழுசாக ஒரு ஐவி டியூப் (நரம்பில் டிரிப்ஸ் ஏற்றும் பிளாஸ்டிக் குழாய்) கிடந்தது. சிவப்புப் பையில் போட்டிருந்தால் கிருமி நீக்கி, துண்டாக்கி மறுசுழற்சிக்கு அனுப்பியிருப்பார்கள். பார்க்கவே மனசு கேட்கவில்லை.

எந்தக் கழிவு எந்த நிறப் பைக்கு என்று சொல்லும் 2016 மருத்துவக் கழிவு விதிகளைக் கேட்டால் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். ஊசி மட்டும் தவறாமல் வெள்ளை டப்பாவுக்குப் போகிறது, குத்திவிடுமே என்ற பயம். மற்றதெல்லாம் கைக்கு எட்டிய தொட்டியில்தான்.

வகுப்பு எடுத்தேன். தொட்டிக்கு மேலே படம் ஒட்டினேன். ஒரு வாரம் சரியாக இருந்தது, அப்புறம் பழையபடி. மாதாமாதம் புது பேட்ச் வேறு. டிரஸ்ஸிங் டிராலியில் சாதாரணக் குப்பைக்கு இடமே இல்லை. அதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். சின்னப் பை ஒன்று கட்டிவிட்டேன், இரவு ஷிஃப்டில் கழற்றிவிடுகிறார்கள்.

பேட்ச் மாறினாலும் இந்தப் பழக்கம் நிலைக்க உங்கள் வார்டில் என்ன செய்தீர்கள்?