பூங்கா நடைபாதை: பேவர் கல் தூக்குது, வேம்பும் காயுது

கேள்வி:
நகராட்சிப் பூங்காவில் வேப்பமரத்தை ஒட்டியே பேவர் பிளாக் பதிச்சிருக்காங்க. கல் எழும்பி நடக்கிறவங்க தடுக்கி விழுறாங்க. கிளை நுனியும் காயுது. வேரை வெட்டிச் சமன் பண்ணலாமா?

பதில் 1:
வெட்டாதீங்க. தடித்த பக்கவேர் போனா, காற்றில் மரமே சாயும். அடிமரத்தைச் சுற்றி 1 மீட்டருக்குக் கல், அடிச் சிமென்ட் எல்லாத்தையும் எடுங்க. கடப்பாரையை ஓங்கிக் குத்தாம, சின்ன உளியால். டெல்லி மரங்களுக்கு 2013-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதும் இந்த 1 மீட்டர்தான்.

பதில் 2:
எடுத்த இடத்தில் மண்ணைக் குவிச்சுடாதீங்க, பட்டை அழுகும். 2 அங்குலச் சருகு மூடாக்கு போதும். அதுவும் அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி. பாதையை வளைச்சு விடுங்க.

கேட்டவர்:
அந்த இடத்தில் புல் போடலாமா?

பதில் 2:
வேண்டாம். புல் வெட்டும் மிஷின் பட்டையைக் கிழிச்சிடும்.