மறுபடி எழுத உட்கார்ந்திருக்கேன், கொஞ்சம் கை கொடுங்க

எல்லாருக்கும் வணக்கம். 2 வருஷமா நான் ஒரு கதைகூட எழுதல. கடைசியா ஒரு பத்திரிகைக்கு அனுப்பினது "நடை பழசு"ன்னு ஒத்தை வரியோட திரும்பி வந்துச்சு. அன்னைக்கு மூடின நோட்டுதான்.

போன மாசம் தாம்பரம் - கடற்கரை மின்சார ரயில்ல ஒரு அம்மா கொய்யா வித்துட்டு வந்தாங்க. திரிசூலம் வந்ததும் கூடையை இறக்கி வச்சுட்டு, தாழப் பறந்த விமானத்தையே பார்த்தாங்க. "இதுல போக எவ்ளோப்பா ஆகும்?" மதுரைக்கே நாலாயிரம் இருக்கும்னேன். "அம்மாடி, எத்தனை கூடை!"ன்னு சிரிச்சுட்டு அடுத்த பெட்டிக்குப் போயிட்டாங்க. மாம்பலம் வர்றதுக்குள்ள டிக்கெட் பின்னாடி நாலு வரி எழுதிட்டேன். கை நடுங்குச்சு, பொய் சொல்லல.

அதுல இருந்து தினமும் ஏதாவது குறிக்கிறேன். ஆனா கதையா உட்கார்ந்தா அந்த "நடை பழசு" காதுல கேக்குது. இப்படி ஒரு காட்சியை நீங்க எப்படி கதையா வளர்ப்பீங்க? பேச்சுமொழி உரையாடலுக்கு மட்டும் போதுமா, கதை முழுக்க வரலாமா? 3 பக்கம் தேறியிருக்கு, படிச்சுச் சொல்ல யாராவது இருக்கீங்களா? "அருமை" மட்டும் வேண்டாம், எந்த வரியில சலிச்சீங்கன்னு சொல்லுங்க. சனிக்கிழமைக்குள்ள முடிச்சுடுவேன்னு வீட்டுல வேற சொல்லித் தொலைச்சுட்டேன்.