முன் பிரேக் ஆயில் தொடர்ந்து குறைகிறது, ஒழுகும் இடம் மட்டும் தெரியவில்லை

பென்னாகரத்துக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாக நான் ஓட்டிவரும் 160 சிசி பைக்கில், முன் டிஸ்க் பிரேக்கின் ஆயில் கடந்த இரண்டு மாதங்களில் மூன்று முறை கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 10 மில்லி ஊற்றி நிரப்பியிருக்கிறேன். வேலைக்காகத் தினமும் தருமபுரிக்குச் சென்று திரும்புகிறேன். உறவினர் வீடு ஒகேனக்கல்லில் இருப்பதால் மாதத்தில் இரண்டு மூன்று முறை அந்த மலைப்பாதையிலும், பின்னால் மனைவியை வைத்துக்கொண்டு, இறங்க வேண்டியிருக்கிறது.

இரண்டு ஒர்க்‌ஷாப்களில் காட்டினேன். இரண்டிலும் காலிப்பர் (பேட்களால் டிஸ்க்கைக் கவ்வும் பாகம்), ஹோஸ் (ஆயில் குழாய்), பேஞ்சோ போல்ட் (குழாய் முனையை இறுக்கும் போல்ட்) எல்லாம் காய்ந்திருக்கின்றன, எங்கும் ஈரமில்லை, ஊற்றிக்கொண்டு ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். லீவர் நன்றாகக் கெட்டியாக இருக்கிறது. ஒகேனக்கல் இறக்கம் முடியும்போது மட்டும் சற்று அதிகமாக உள்ளே வருவதாகத் தோன்றுகிறது. பிரேக் பேட் மாற்றி ஐந்து மாதங்கள் ஆகின்றன. வண்டியை ஞாயிறுதோறும் வாட்டர் வாஷ் செய்து சுத்தமாகவே வைத்திருக்கிறேன். ஒழுகாமல் ஆயில் எங்கேதான் போகிறது? குடும்பத்தோடு போகும் வண்டி என்பதால் மனம் நிம்மதியாக இல்லை.

கிருஷ்ணகிரி பாலிடெக்னிக் ஆசிரியர்:

ஒழுகல் இல்லாமலேயே ஆயில் மட்டம் இறங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. பேட் தேயத் தேயக் காலிப்பர் பிஸ்டன் வெளியே நகர்கிறது. அப்படி நகர்ந்து உண்டாகும் இடத்தை நிரப்ப மேலிருந்து ஆயில் இறங்கியே ஆக வேண்டும். ஆனால் உங்கள் கணக்கு இதற்குள் அடங்கவில்லை. 25 மி.மீ. விட்டமுள்ள இரண்டு பிஸ்டன்கள் கொண்ட காலிப்பர் என்று வைத்துக்கொண்டால், இரு பேட்களும் தலா 1 மி.மீ. தேயும்போது ஏறத்தாழ 2 மில்லி ஆயில்தான் கீழே செல்லும். தலா 4 மி.மீ. முழுவதும் தேய்ந்தால்கூட 8 மில்லிதான் ஆகும். நீங்கள் இரண்டு மாதத்தில் ஊற்றியதோ 30 மில்லி. ஆகவே இது தேய்மானம் அன்று, நிச்சயம் ஒழுகல்தான்.

மட்டத்தை எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும்போதோ ஹேண்டில் திரும்பியிருக்கும்போதோ பார்த்தால் கோடு தவறாகத்தான் காட்டும். வண்டியை நேராக நிறுத்தி, ஹேண்டிலையும் நேராக்கிய பிறகே பார்க்க வேண்டும்.

காவேரிப்பட்டணம் வாசகர்:

என் வண்டியில் பேஞ்சோ போல்ட்டின் காப்பர் வாஷரில்தான் கசிந்தது. பழைய வாஷரையே திரும்பப் போட்டுவிட்டார்கள், புதியது போட்டதும் நின்றுவிட்டது. உங்களுக்கு அங்கே காய்ந்திருக்கிறது என்றால், இந்தச் சித்திரை வெயிலில் ஆவியாகிப் போகவும் வாய்ப்பு உண்டோ என்று தோன்றுகிறது.

ஓசூர் மெக்கானிக்:

மூடி நன்றாக இறுகியிருந்து, அதன் கீழுள்ள ரப்பர் டயாஃப்ரமும் கிழியாமல் இருந்தால், பிரேக் ஆயில் வெயிலில் ஆவியாகிக் குறையாது. டாட் 4 என்ற தரவகை பிரேக் ஆயிலின் கொதிநிலை, புதியதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிப் பழையதான பிறகும் 155 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பதே அதற்கான அளவுகோல். சித்திரை வெயில் அதன் அருகில்கூட வராது.

உங்கள் கேள்வியில் என் கவனத்தை ஈர்த்தது ஞாயிறுதோறும் வாட்டர் வாஷ் செய்வதாக நீங்கள் எழுதிய வரிதான். இன்ஜின் ஆயில் தண்ணீர் பட்டாலும் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டு தன் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் அப்படிப்பட்டதன்று, தண்ணீரில் கரைந்து போய்விடும். வாரம் முழுவதும் சிறுகச் சிறுகக் கசிந்த தடயத்தை நீங்களே கழுவிவிட்டுச் சுத்தமான வண்டியை ஒர்க்‌ஷாப்பில் நிறுத்துகிறீர்கள். அவர்களும் காய்ந்திருப்பதைத்தான் பார்க்கிறார்கள்.

அடுத்ததாக, அவர்கள் பார்த்ததாக நீங்கள் சொன்ன மூன்று இடங்களும் அழுத்தம் ஏறும் பக்கத்தில் இருப்பவை. மாஸ்டர் சிலிண்டருக்குள் (ஹேண்டிலில் ஆயில் டப்பாவோடு சேர்ந்து, லீவர் அழுத்தும் பாகம்) இருக்கும் பிஸ்டனில் இரண்டு ரப்பர் கப்கள் உண்டு. முன் கப் அழுத்தத்தை உண்டாக்குகிறது. லீவரை ஒட்டியிருக்கும் பின் கப்புக்கு அழுத்தத்தோடு தொடர்பே இல்லை, டப்பாவிலிருந்து பிஸ்டனைச் சுற்றி வந்து நிற்கும் ஆயில் வெளியே வராமல் தடுப்பது மட்டுமே அதன் வேலை. அந்தப் பின் கப் தேய்ந்துபோனால் பிரேக் குறையில்லாமல் பிடிக்கும், லீவரும் கெட்டியாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு முறை லீவர் பிடிக்கும்போதும் இம்மியளவு ஆயில் வெளியே வந்து, லீவரின் அடியில் பரவி, சாலைத் தூசியோடு கலந்துவிடும். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் இதற்குத்தான் பொருந்துகின்றன.

வண்டியை ஒருமுறை நன்றாகக் கழுவி உலர விடுங்கள், பிறகு ஒரு வாரத்துக்குத் தண்ணீர் படவே கூடாது. பேஞ்சோ போல்ட் இரண்டு முனையிலும், ஏர் (குழாயில் சிக்கும் காற்று) எடுக்கும் நிப்பிளிலும், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) யூனிட்டின் இணைப்புகளிலும் டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி நூலால் கட்டுங்கள். லீவரின் போல்ட்டைச் சுற்றி முகப்பவுடரைத் தூவுங்கள். ஓர் இரவு லீவரை இறுக்கிப் பிடித்து ரப்பர் துண்டால் கட்டி வையுங்கள். காலிப்பர், ஹோஸ், வாஷர் ஆகியவற்றில் குறை இருந்தால் பெரும்பாலும் காலையில் காகிதம் நனைந்திருக்கும். ஆனால் பின் கப்பின் குறையை இந்தக் கட்டு காட்டாது, ஏனெனில் அங்கே அழுத்தமே இல்லை. அது லீவர் அசைந்து அசைந்துதான் வெளிப்படும். ஆகவே காகிதம் நனையவில்லை என்றதும் ஒழுகல் இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

அதுவரை, தயவுசெய்து, ஒகேனக்கல் இறக்கத்துக்கோ தொப்பூர் கணவாய்க்கோ இந்த வண்டியை எடுத்துப் போகாதீர்கள். டப்பாவிலிருந்து சிலிண்டருக்குள் ஆயில் இறங்கும் துளையின் மட்டத்துக்குக் கீழே ஆயில் போய்விட்டால் காற்று உள்ளே நுழையும், அப்போது லீவர் ஹேண்டில் வரை வந்தும் பிரேக் பிடிக்காது. அப்படி வந்த வண்டிகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பென்னாகரத்துக்காரர்:

மெக்கானிக் ஐயா சொன்னபடியே செய்து ஒன்பது நாட்களாகின்றன. லீவரைக் கட்டிவைத்த இரவுக்குப் பிறகு காகிதம் எதுவும் நனையவில்லை, அன்று உண்மையில் மனம் சோர்ந்துவிட்டேன். நான்காம் நாள் மாலை வேலையிலிருந்து திரும்பி டார்ச் அடித்துப் பார்த்தபோது, லீவர் போல்ட்டின் அடியில் பவுடர் பழுப்பு நிறக் களிம்பாகக் குழைந்திருந்தது. விரலால் தொட்டேன், வழவழப்பாக இருந்தது. குழாயடியில் நீட்டியதும் சோப்பு இல்லாமலேயே போய்விட்டது. லீவரைக் கழற்றி, பிஸ்டன் முனையை மூடும் ரப்பர் உறையான பூட்டை (boot) நகத்தால் நெம்பியதும் உள்ளே தேங்கியிருந்த ஆயில் இரண்டு மூன்று சொட்டு வழிந்தது. மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பக்கத்தில், நிமிர்ந்து நின்றால் கண்ணில் படாத இடத்தில், பெயின்ட் கொப்புளமாக எழும்பி உரிந்திருக்கிறது. இவ்வளவு நாளும் அதை நான் குனிந்து பார்த்ததே இல்லை.

தருமபுரியில் மாஸ்டர் சிலிண்டர் கிட் (புதிய பிஸ்டனும் கப்களும் அடங்கிய தொகுப்பு) வாங்கி வைத்திருக்கிறேன். மாற்றும்போது கவனிக்க வேண்டியவை ஏதேனும் உண்டா?

ஓசூர் மெக்கானிக்:

பிஸ்டனைக் கழற்றியதும் சிலிண்டரின் உட்சுவரை வெளிச்சத்தில் பாருங்கள். கீறலோ வெள்ளை நிறத்தில் அரித்த குழியோ இருந்தால் புதிய கப்பும் நிற்காது, அப்போது முழு மாஸ்டர் சிலிண்டரையே மாற்றுவதுதான் முறை. பாகங்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவ ஒருபோதும் விடாதீர்கள். அந்த ரப்பர் பெட்ரோல் வகை எதையும் தாங்காது, ஊதிப்போய்விடும். பல ஒர்க்‌ஷாப்களில் கிட் போட்ட சில மாதத்திலேயே மறுபடி ஒழுகுவதற்கு இதுவே காரணம் என்பது என் அனுபவம். கழுவுவதற்கும் கப்பை நனைத்துப் பொருத்துவதற்கும் புதிய பிரேக் ஆயிலே போதும். மூடியில் எந்த டாட் எண் அச்சிட்டிருக்கிறதோ அதையே, சீல் உடைக்காத பாட்டிலாக வாங்குங்கள். சிலிகான் வகையான டாட் 5 இதோடு சேரவே கூடாது.

இறக்கத்தின் முடிவில் லீவர் உள்ளே வருவது வேறு குறை. நான்கு வருடத்தில் பழைய ஆயிலை முழுதாக எடுத்து மாற்றியதாக நீங்கள் எழுதவில்லை. ஈரம் ஏறிய ஆயில் தொடர் பிரேக்கின் சூட்டில் குமிழி விட்டிருக்கலாம். கிட் போடும் கையோடு முழு ஆயிலையும் வெளியேற்றி, புதியதை நிரப்பி ஏர் எடுத்துவிடுங்கள்.

பென்னாகரத்துக்காரர்:

உட்சுவர் கண்ணாடி போல இருந்தது, ஆகவே கிட் மட்டுமே போட்டு, ஆயிலை முழுவதும் மாற்றினோம். வெளியே வந்த பழைய ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. டப்பாவின் கண்ணாடியில் மட்டத்துக்கு நேராக மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். மூன்று வாரம் கழித்து இன்று காலை, வண்டியையும் ஹேண்டிலையும் நேராக நிறுத்திப் பார்த்தேன். ஆயில் அந்தக் கோட்டிலேயே நிற்கிறது, பூட்டுக்குள்ளும் உலர்ந்திருக்கிறது. நேற்று மனைவியோடு ஒகேனக்கல் போய்வந்தோம், அடிவாரம் வரை லீவர் மாறவில்லை. மெக்கானிக் ஐயா, ஆசிரியர் ஐயா, இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி.