தீயணைப்பு, ஆம்புலன்ஸ் வேலையைப் 'போர்முனை' என்று சொல்லலாமா?

மணல்வாளி:
தீயணைப்பிலும் ஆம்புலன்ஸிலும் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஒரு கையேடு தயாராகிறது. முன்னுரையிலேயே "இதுவும் ஒரு போர்முனைதான்" என்று போட்டிருக்கிறார்கள். ஆபத்து, தூக்கமின்மை, கட்டளைக்குக் கீழ்ப்படிதல், கண்முன் சாவு என நான்கு ஒற்றுமைகளைச் சொல்கிறார்கள். அந்த வரியை வைப்பதா, எடுப்பதா என்பதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. ஒப்பீடு எங்கே பொருந்துகிறது, எங்கே இடிக்கிறது? ராணுவத்திடமிருந்து உண்மையிலேயே எடுத்துக்கொள்ளத்தக்க நடைமுறை ஏதாவது உண்டா?

கீழெண்:
ஆபத்தை ஒப்பிடும்முன் எதை எதால் வகுக்கிறோம் என்று பாருங்கள். 'ராணுவம்' என்று மொத்தமாக எடுத்தால் சமையல்காரர், கணக்கர், லாரி ஓட்டுநர் எல்லாரும் கீழெண்ணில் சேர்ந்துவிடுவார்கள். விகிதம் சாதுவாகத் தெரியும். முனையில் நிற்பவர்களை மட்டும் எடுத்தால் வேறு கணக்கு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சு விமானப் பிரிவில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர்; இறந்தவர்கள் 55,573. ஒரு சுற்றுப் பணி என்பது 30 பறப்பு. பறப்புக்கு 4 சதவீதம் விமானங்கள் திரும்பவில்லை என்று வைத்துக்கொண்டு 0.96ஐ 30 முறை பெருக்குங்கள்: 0.29. அதாவது பத்தில் மூன்று பேர்தான் சுற்றை முடிப்பார்கள். எந்தத் தீயணைப்பு நிலையமும் இதன் பக்கத்தில் வராது. வந்தால் அதை இழுத்து மூடிவிடுவார்கள்.

சாவின் காரணமும் வேறு. 2007ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வின்படி, தீயணைப்பாளர்களின் பணிக்கால இறப்புகளில் ஏறக்குறைய 45 சதவீதம் இதய நோயால். தீயை அணைப்பதில் செலவாகும் நேரம் மொத்தப் பணிநேரத்தில் 1 முதல் 5 சதவீதம். இதய இறப்புகளிலோ 32 சதவீதம் அந்த நேரத்தில்தான் நடந்தது. 2022ல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை தீயணைப்புத் தொழிலையே புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றில் சேர்த்தது. 'போர்' என்ற சொல் இருக்கும் இடத்தில் இரத்த அழுத்தப் பரிசோதனையும், புகை படிந்த தீயணைப்பு உடையை வண்டியின் இருக்கைப் பகுதிக்குள் கொண்டுவராத பழக்கமும் இருக்கட்டும்.

தூக்கமின்மை மட்டும் இரு பக்கமும் ஒன்றுதான். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கைத்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவருடையதைப் போலத் தடுமாறும். சீருடை எதுவானாலும் இது மாறாது.

முகமூடி:
எதிரி என்ற சொல்தான் பெரிய தொல்லை. தீ குறி பார்ப்பதில்லை, ஏமாற்றுவதில்லை, பேரம் பேசுவதும் இல்லை. அதற்கு எதிராக 'நிலையை விட்டுக்கொடுக்காதே' என்று பழகியவன் முதுகுச் சிலிண்டரில் மிச்சமிருக்கும் மூச்சுக்காற்றைக் கணக்கிட மறப்பான்.

கணக்கு இதோ. 6.8 லிட்டர் சிலிண்டர், 300 பார் அழுத்தம்: ஏட்டில் 2,040 லிட்டர் காற்று (அவ்வளவு அழுத்தத்தில் உண்மையில் கிடைப்பது இன்னும் சற்றுக் குறைவு). நிமிடத்துக்கு 40 லிட்டர் என்றால் 51 நிமிடம். படியேறிக் குழாயை இழுக்கும்போது 60ஐத் தாண்டும். 34 நிமிடம்கூட நிற்காது. காற்றுக் குறைவதை எச்சரிக்கும் விசில் சுமார் 55 பாரில் ஒலிக்கும்போது மிச்சம் 374 லிட்டர். கடும் மூச்சில் அது ஆறு நிமிடம். விசிலைக் கேட்டபின் கிளம்பலாம் என்று இருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஜெர்மன் தீயணைப்பு விதியைக் கையேட்டில் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: உள்ளே போகச் செலவான காற்றைப்போல இரு மடங்கு திரும்பி வர. 300ல் நுழைந்து 240ல் இடத்தை அடைந்தால் செலவு 60. எனவே 120 காட்டும்போது கடைசியாகத் திரும்ப வேண்டும். வழியில் கதவு சிக்கும், புகையில் குழாயைத் தவறவிடுவோம் என்பதற்காகத்தான் அந்த இரு மடங்கு. இருவராக உள்ளே போனால், தயார் நிலையில் இருவர் வெளியே நிற்பதும் கட்டாயம்.

போரில் ஒரு மேட்டைப் பிடிக்க உயிர்ச்சேதம் வரும் என்று தெரிந்தே கட்டளையிடுவார்கள். ஆள் இல்லாத கட்டடத்துக்காக எந்தத் தீயணைப்பு அதிகாரியும் அப்படிக் கட்டளையிடக் கூடாது. ஒப்பீடு உடையும் இடம் இதுதான், மற்றதெல்லாம் சில்லறை.

கட்டுத்துணி:
எடுத்துக்கொள்ளத்தக்கது என்று கேட்டீர்களே, கை, காலில் இறுக்கிக் கட்டி இரத்தப்போக்கை நிறுத்தும் பட்டையான டூர்னிக்கே. 1996ல் அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் வகுத்த போர்க்கள முதலுதவி முறையிலிருந்துதான் அது பொது ஆம்புலன்ஸுக்குத் திரும்பி வந்தது. காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின்மேல் படாமல் போட வேண்டும். பட்டையைக் கையால் முடிந்தவரை இழுத்து இறுக்கிய பிறகே குச்சியைத் திருகுங்கள். தொளதொளவென்று விட்டுத் திருகினால் சிரை மட்டும் அடைபட்டு இரத்தப்போக்கு அதிகமாகும். அடங்காவிட்டால் பக்கத்திலேயே இரண்டாவது. நேரத்தை எழுதுங்கள். வலிக்கிறது என்று இடையில் தளர்த்தாதீர்கள்.

ஆனால் மொத்த முறையையும் தூக்கி வராதீர்கள். அது இளவயதுச் சிப்பாயின் குண்டுக் காயத்துக்கு எழுதியது. ஆம்புலன்ஸில் வருபவர்களில் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கீழே விழுந்த முதியவர்கள்தான் அதிகம். சுடும் இடத்தில் பதிலுக்குச் சுடுவதே முதல் மருத்துவம் என்கிறது ராணுவப் பாடம். ஆம்புலன்ஸ் குழு காவலர் பாதுகாப்பு வரும்வரை தள்ளி நிற்க வேண்டும். 'போர்முனை' என்று ஊட்டி வளர்த்தால் அந்தக் காத்திருப்பு கோழைத்தனமாகத் தெரியும், உள்ளே ஓடுவார்கள்.

மணல்வாளி:
நன்றி. மனநலம், விலகும் உரிமை இரண்டையும் யாராவது தொடுங்களேன்.

ஓய்வறை:
சிப்பாய் பாதியில் விட்டுப் போனால் குற்றம். பிறருக்கு, உலகத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் ஒப்பந்தம் (1981) 13ஆம் பிரிவில், கடுமையான உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி விலகுகிற தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. மீட்புப் பணியில் அது எதுவரை செல்லும் என்பது அந்தந்த நாட்டுச் சட்டம்.

மனச்சுமையில் ஒற்றுமை உண்டு, வடிவம்தான் வேறு. சிப்பாய் களத்தை விட்டு வீடு திரும்புகிறான். மீட்புப் பணியாளர் மறுநாளும் அதே தெரு வழியாகத்தான் வண்டி ஓட்டுகிறார். அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் 1980ல் அமெரிக்க மனநல வரையறைக்குள் வந்தது. வேலை நிமித்தம் கொடூர விவரங்களைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதும் காரணமாகலாம் என்று 2013 பதிப்பு தெளிவாக்கியது. அவசரத் தொலைபேசி அழைப்பை எடுப்பவரும் இதில் அடங்குவார்; உங்கள் கையேட்டில் அவரையும் சேருங்கள்.

சம்பவம் முடிந்த கையோடு எல்லாரையும் உட்காரவைத்துக் கட்டாயமாகப் பேசவைக்கும் ஒற்றை அமர்வு இந்த நோயைத் தடுப்பதில்லை. சாப்பாடு, தூக்கம், கூட ஓர் ஆள். ஒரு மாதம் தாண்டியும் கனவும் திடுக்கிடலும் நீடித்தால் சிகிச்சை.

முகமூடி:
என் கணக்கைக் கையேட்டில் போடுவதானால் ஒரு திருத்தம். விசில் ஒலிக்கும் அழுத்தம் கருவிக்குக் கருவி மாறும். சில நாடுகளில் கொள்ளளவின் மூன்றில் ஒரு பங்கிலேயே ஒலிக்கும். உங்கள் கருவியின் கையேட்டைப் பார்த்து 55ஐ மாற்றிக்கொள்ளுங்கள்.