எஸ்டீம் ஹெடரில் மூன்றாவது குழாய் பெயின்ட் மட்டும் உரிகிறது: செராமிக் கோட்டிங் அடித்தால் நிற்குமா?

எஸ்டீம்_கோவை:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி மாருதி எஸ்டீம், 1.3 லிட்டர், 16 வால்வு எம்பிஎஃப்ஐ (பெட்ரோல் இன்ஜெக்ஷன்). ரோட்டில் அதிகம் ஓடாது. செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ட்ராக் நாள் வரும்போது எடுப்பேன். கம்பெனி வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு 4-2-1 ஹெடர் (நாலு சிலிண்டரின் புகைக் குழாய்கள் இரண்டாகி, பிறகு ஒன்றாகச் சேர்வது) போட்டிருக்கிறேன். மைல்ட் ஸ்டீல், 16 கேஜ் தடிமன் குழாய், உள்ளூர்ப் பட்டறையில் வளைத்து வெல்டிங் செய்தது.

பட்டறையிலேயே சில்வர் ஹீட் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். முதல் ட்ராக் நாள் முடிந்து பானெட்டைத் திறந்தால், மூன்றாவது சிலிண்டர் குழாயில் எஞ்சினோடு போல்ட் போடும் ஃப்ளேன்ஜ் தகட்டிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ட்டே இல்லை. விரலால் தொட்டால் பொடியாக உதிர்கிறது, அடியில் கருஞ்சாம்பல் நிறத்தில் செதில். மற்ற மூன்று குழாய்களில் பளபளப்பு மங்கியதோடு சரி. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, 650 டிகிரி தாங்கும் என்று டின்னில் எழுதியிருந்த ஸ்ப்ரே பெயின்ட்டை அடித்தேன். மறுபடியும் அதே குழாய், அதே இடம்.

பானெட்டுக்குள் சூடும் அதிகம். ஏர் இன்டேக் குழாயில் கை வைக்க முடியவில்லை.

ஒருவர் சூடு தாங்கும் செராமிக் கோட்டிங் அடி என்கிறார். இன்னொருவர் வெப்ப நாடா சுற்று என்கிறார். கணபதி பக்கம் ஒரு பவுடர் கோட்டிங் கடையில் குறைந்த விலைக்கு அடித்துத் தருகிறேன் என்கிறார்கள். எது சரி?

பழைய_போல்ட்:

பவுடர் கோட்டிங் வேண்டவே வேண்டாம் தம்பி. கேட்டுக்கும் அலாய் வீலுக்கும் அடிக்கும் அந்தப் பாலியெஸ்டர் பவுடரை அடுப்பில் வேகவைப்பதே 180, 200 டிகிரியில்தான். ஹெடரில் அடித்தால் முதல் ஸ்டார்ட்டிலேயே கருகிப் புகையும். துத்தநாக பிரைமர், கால்வனைசிங் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும், அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலே வரும்.

மதுரை_ராலி:

நான் கண்ணாடி இழை நாடாதான் சுற்றியிருக்கிறேன். பானெட் சூடு நன்றாகவே குறைந்தது. நனைத்துச் சுற்றி, ஸ்டீல் டை போட்டு இறுக்கினால் போதும். முதல் ஓட்டத்தில் புகை வரும், பயப்பட வேண்டாம்.

மணல்_மணி:

மதுரைக்காரர் சொல்வது பானெட் சூட்டுக்குச் சரி. ஆனால் மைல்ட் ஸ்டீல் ஹெடருக்கு நாடா எதிரி. வெளியே போக வேண்டிய சூட்டை நாடா தடுப்பதால் குழாயின் இரும்பு இன்னும் சூடாகும். சாதா இரும்பு 500 டிகிரியைத் தாண்டினால் செதில் விட ஆரம்பித்துவிடும். அது போக, மழையிலோ வண்டி கழுவும்போதோ நாடா தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். ட்ராக் வண்டி மாதக்கணக்கில் நிற்கும் இல்லையா, அப்போது உள்ளுக்குள்ளேயே துரு தின்னும். பிரித்துப் பார்க்கும்போது குழாய் காகிதமாகியிருக்கும். நாடா சுற்றினால் வாரன்டி கிடையாது என்று ஹெடர் கம்பெனிகள் பலவும் சொல்வது இதனால்தான்.

டியூனர்_திருச்சி:

கோட்டிங் பேச்சைக் கொஞ்சம் நிறுத்துங்கள். நாலு குழாய்க்கும் ஒரே பெயின்ட், ஒரே கை, ஒரே நாள். உரிந்தது மூன்றாவது மட்டும், அதுவும் இரண்டு முறை. பெயின்ட் மோசம் என்றால் நாலும் உரிந்திருக்க வேண்டும். அந்தச் சிலிண்டரில் என்ன நடக்கிறது என்று முதலில் பாருங்கள். செராமிக்கே அடித்தாலும் காரணம் அப்படியே இருந்தால் காசும் போகும், ஒருநாள் பிஸ்டனும் போகும்.

நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்துப் படம் போடுங்கள். தொடாமலே சூட்டை அளக்கும் டெம்பரேச்சர் கன் இருந்தால் ஃப்ளேன்ஜிலிருந்து ஒரே தூரத்தில் நாலு குழாயையும் அளந்து சொல்லுங்கள். ஒரு விஷயம்: சில்வர் பெயின்ட், வெற்று இரும்பு, செதில் மூன்றும் கன்னுக்கு வெவ்வேறாகத் தெரியும். பளபளப்பான பரப்பில் உண்மையை விடக் குறைவாகவே காட்டும். அதனால் நாலிலும் மேட் கறுப்பு ஹீட் பெயின்ட்டில் ஒரு பொட்டு வைத்து, அந்தப் பொட்டில் அளங்கள்.

எஸ்டீம்_கோவை:

நன்றி அண்ணா. பிளக் படம் போட்டிருக்கிறேன். 1, 2, 4 மூன்றும் பிஸ்கட் நிறம். மூன்றாவது பிளக்கின் பீங்கான் சுண்ணாம்பு போல வெள்ளை.

ஆனால் கன் கதை குழப்புகிறது. பொட்டு வைத்து, ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஐடிலில் அளந்தால் மூன்றாவது குழாய்தான் இருப்பதிலேயே சூடு குறைவு! மற்ற மூன்றும் ஏறக்குறைய சமம். சூடு அதிகமாக இருக்கும் என்றல்லவா நினைத்தேன்?

டியூனர்_திருச்சி:

குழப்பமே இல்லை, இப்போதுதான் தெளிவாகிறது. மூன்றாவதுக்குப் பெட்ரோல் குறைவாக வருகிறது.

ஐடிலில், எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) மொத்தக் கலவையைக் காற்று 14.7க்குப் பெட்ரோல் ஒன்று என்ற அளவில் பிடித்து வைக்கும். நாலு சிலிண்டரின் புகையும் கலந்துதான் சென்சாருக்குப் போகிறது, அதனால் ஒன்று மட்டும் பட்டினி கிடப்பது அதற்குத் தெரியாது. அந்தப் பட்டினிச் சிலிண்டர் 14.7ஐயும் தாண்டி மெலிந்து, சோம்பலாக எரியும். அதனால் குழாய் ஆறிக் கிடக்கிறது.

முழு த்ராட்டிலில் கதை வேறு. எஞ்சினைக் குளிர வைக்க ஈசியு பெட்ரோலைக் கூட்டி 12.5, 13 என்று கொடுக்கும். மற்ற மூன்றும் அந்த வளமான கலவையில் எரிகின்றன. மூன்றாவதுக்குக் குறைவாக வருவதால் அது 14, 14.5 பக்கம் நிற்கும். புகையின் சூடு உச்சத்துக்குப் போகும் இடம் அதுதான். கரி ட்ராக் 2.1 கிலோமீட்டர்தான், வளைவை விட்டு வெளியே வந்ததும் மறுபடி மறுபடி முழு மிதி. 650 டிகிரி பெயின்ட் எப்படி நிற்கும்?

பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நாலையும் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் வையுங்கள். அதில் குறை இல்லை என்றால் மூன்றாவது ரன்னரில் (அந்தச் சிலிண்டருக்குக் காற்று போகும் குழாயில்) இன்டேக் கேஸ்கெட் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். அதுவரை ட்ராக் வேண்டாம். வெள்ளைப் பிளக்கோடு முழு த்ராட்டில் போனால் நாக்கிங் வரும், அதாவது கலவை தானாகவே வெடிக்கும்.

எஸ்டீம்_கோவை:

இன்ஜெக்டர்தான் அண்ணா! பெஞ்சில் மற்ற மூன்று கண்ணாடிக் குழாயும் ஒரே மட்டத்துக்கு நிரம்பின. மூன்றாவதில் மட்டம் நன்றாகக் கீழே நின்றுவிட்டது. ஸ்ப்ரேயும் கூம்பாக விரியாமல் ஒரு பக்கமாகக் கோடு போட்டது. அல்ட்ராசோனிக் கழுவி, உள்ளே இருக்கும் குட்டி ஃபில்டரை மாற்றினார்கள். இப்போது நாலும் ஒரே மட்டம்.

பெயின்ட் எல்லாம் எடுத்துவிட்டு வெற்றுக் குழாயோடு ஒரு ட்ராக் நாள் ஓட்டினேன். நாலும் ஒரே நிறமாக மாறியிருக்கின்றன. மூன்றாவது பிளக்கும் பிஸ்கட் நிறத்துக்கு வந்துவிட்டது.

இனிமேல் கோட்டிங் பற்றிக் கேட்கலாம் இல்லையா? குறிச்சியில் ஃபவுண்டரி வைத்திருக்கும் நண்பர், கோட்டிங்குக்கு முன்னால் பரப்பைச் சுத்தம் செய்யும் ஷாட் பிளாஸ்டிங்கை இலவசமாகவே செய்து தருகிறேன் என்கிறார்.

மணல்_மணி:

தாராளமாகக் கேளுங்க. ஆனால் அந்த இலவசத்தை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்க.

ஃபவுண்டரியில் அடிப்பது உருண்டை எஃகுக் குண்டு. வார்ப்பில் ஒட்டிய மணலை எடுக்க அது போதும். மெல்லிய குழாயில் அடித்தால் பரப்பைத் தட்டித் தட்டி மழமழப்பாக்கும், 16 கேஜ் குழாய் நெளியவும் செய்யும். கோட்டிங்குக்குத் தேவை கூர்முனை உள்ள துகள். அலுமினியம் ஆக்சைடு, 100 முதல் 120 மெஷ் (சல்லடை அளவு). அடித்து முடித்த குழாயில் நகத்தால் இழுத்தால் நகம் தேய்ந்து வெள்ளைக் கோடு விழ வேண்டும். பிடிப்பு வந்ததா இல்லையா என்று நான் பார்ப்பது இப்படித்தான். ஆற்று மணலில் அடிப்பவர்களிடமும் போகாதீங்க. அந்தத் தூசு அடிப்பவரின் நுரையீரலைத் தின்றுவிடும்.

பிடிப்பு ஏன் இவ்வளவு முக்கியம் தெரியுமா? அரை மீட்டர் இரும்புக் குழாய் 500 டிகிரி ஏறினால் 3 மி.மீ.க்கு மேல் நீளும், ஆறினால் சுருங்கும். ஒவ்வொரு ஓட்டத்திலும் கோட்டிங் அதோடு சேர்ந்து நீண்டு சுருங்க வேண்டும். அதனால்தான் தடிமனாக அடித்தது முதலில் உதிர்கிறது. 25 மைக்ரான் போதும். தலைமுடியை விட மெல்லியது.

பிளாஸ்டிங்குக்கு முன்னால் அசிட்டோனில் கழுவி, அடுப்பில் 250 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம் வையுங்க. ஃப்ளேன்ஜ் மடிப்பில், வெல்டிங் ஓரத்தில் ஒளிந்திருக்கும் எண்ணெய் அப்போதுதான் வெளியே கசியும். பிளாஸ்டிங் முடிந்த பிறகு வெறுங்கையால் தொடாதீங்க, கை ரேகை பட்ட இடத்தில் கோட்டிங் ஒட்டாது. நம் ஊர் ஈரத்துக்கு மறுநாள் வரை விட்டால் துருப் படரும். அன்றைக்கே அடித்துவிடணும்.

எஸ்டீம்_கோவை:

சரிங்கண்ணா. பளபள சில்வரா, கறுப்பா? உள்பக்கமும் அடிக்க வேண்டுமா?

மணல்_மணி:

கறுப்பு. பளபள சில்வரில் இருப்பது அலுமினியம். ஏறத்தாழ 700 டிகிரி வரைதான் அதன் எல்லை, அதற்கு மேல் மங்கிச் சாம்பல் நிறமாகிவிடும். ரோட்டு வண்டிக்கு அழகாக இருக்கும், ட்ராக் வண்டிக்குப் போதாது. செராகோட் கம்பெனியின் சி வரிசை செராமிக் கோட்டிங்கில் கறுப்பு 980 டிகிரி வரை தாங்கும். அடுப்பு வேண்டாம், காற்றிலேயே காயும், முழுசாக இறுக 5 நாள் விடணும்.

உள்பக்கம் முடிந்தால் அடிங்க. வெளியே மட்டும் அடித்தால் சூடு குழாயின் இரும்பிலேயே தங்கும், உள்ளேயும் இருந்தால் இரும்புக்குப் போகும் சூடே குறையும். ஆனால் குழாய்க்குள் துப்பாக்கி எட்டாது, ஊற்றிச் சுழற்றி வடிக்கத் தெரிந்தவராக இருக்கணும். தெரியாதவரிடம் கொடுத்தால் உள்ளே சொட்டாகத் தேங்கி, பிறகு செதிலாகக் கிளம்பும். அதற்கு அடிக்காமலே விடலாம்.

பானெட் சூட்டுக்குக் கோட்டிங்கை மட்டும் நம்பாதீங்க. இன்டேக் குழாய்க்கும் ஹெடருக்கும் நடுவில், இரண்டையும் தொடாமல் ஒரு அலுமினியத் தகடு நிறுத்துங்க.

டியூனர்_திருச்சி:

மணி அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஃப்ளேன்ஜ் முகத்தையும் ஆக்சிஜன் சென்சார் மரையையும் மறைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு முதல் ஸ்டார்ட்டில் 10 நிமிடம் ஐடில், முழுசாக ஆறவிட்டு இன்னொரு முறை, அப்புறம் ரோட்டில் மிதமான ஓட்டம். அதன் பிறகு ட்ராக். இக்னிஷன் டைமிங்கும் பார்த்துவிடுங்கள். ரிடார்ட் ஆகி, பிளக் தாமதமாகப் பொறி விட்டால் நெருப்பு எக்ஸாஸ்டுக்குள் வந்து எரியும், புதுக் கோட்டிங் முதல் நாளே சிவந்துவிடும்.

எஸ்டீம்_கோவை:

அலுமினியம் ஆக்சைடு அடிக்கும் இடம் விசாரித்துவிட்டேன், அடுத்த வாரம் ஹெடரைக் கழற்றுகிறேன். கோட்டிங் காய்ந்ததும் நாலு பொட்டும் வைத்து அளந்து இங்கேயே போடுகிறேன்.